செம்பு முரசுக்குத் தோல் கொடுத்தவன்

தாராவியில் மூன்று கொட்டகை. செம்பூரில் இரண்டு மாடி வீடு. அறுபதடி ரோட்டில் என் பெயர் எழுதிய பலகையோடு ஒரு கடை. நான்கு பெண்களுக்குக் கல்யாணம். ஊர்ப் பள்ளிவாசலுக்குப் புது ஓடு. நம் தோல் தொழிலாளர் சங்கத்துக்கு இந்தக் கட்டடம் எழும்பியபோது முதல் லாரி செங்கல் இறக்கியதும் நான்தான்; சந்தேகம் உள்ளவர்கள் பழைய செயலாளரைக் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு ரயில் ஏறி வந்த காஜா மைதீன் இத்தனையும் செய்தான். வாப்பா விட்டுப்போன சொத்து என்று ஒரு ஓட்டுத் துண்டு கிடையாது.

இதையெல்லாம் யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்திருக்கிறேன். அதைத்தான் போன மாதம் அச்சடித்தே இல்லையென்று சொல்லிவிட்டார்கள்.

செம்பூரில் என் வீட்டுக்கு மூன்றாவது தெருவில் ஜானகி அம்மா இருக்கிறார். அவருடைய அப்பா மாட்டுங்கா வெங்கட்ராமன் சார். பகலில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலத்தில் இங்கிலீஷ் சங்கீத ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் பிடில் வாசித்தவர். அந்த ஆர்க்கெஸ்ட்ரா இப்போது ஆண்டு விழா மலர் போட்டிருக்கிறது. அதை ஜானகி அம்மா கொண்டுவந்து ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு செம்பு முரசு, பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அவற்றை அடித்தவர் பெயர். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. கீழே ஒரே ஒரு வரி. அதை வாசிக்கத்தான் அந்த அம்மா தயங்கினார்.

"என்னம்மா போட்டிருக்கான்?"

"தோல்கள் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டவைன்னு போட்டிருக்கா, பாய். அப்பா இருந்திருந்தா இந்தப் பக்கத்தைக் கிழிச்சே எறிஞ்சிருப்பார்."

சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நம் பிள்ளைகள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டிக் கழித்து வந்தேன். இப்போது எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சுக்கூடத்தார் திருத்தட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

ராவுத்தர் முதலாளியின் தோல் பதனிடும் கிடங்கில் பதின்மூன்று வயதில் சேர்ந்தேன். முதலில் சுண்ணாம்புக் குழி, பிறகு மயிர் எடுப்பு, பிறகு சதை சுரண்டல். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கிடங்கின் முதல் கத்தி நான்தான். சாய்ந்த மரக்கட்டையில் தோலை விரித்து, இரண்டு கையாலும் பிடிக்கிற வளைந்த கத்தியால் தள்ளித் தள்ளிச் சுரண்டவேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை. கொஞ்சம் தளர்ந்தால் சதை நிற்கும். என் கட்டையிலிருந்து ஓட்டையோடு போன தோல் ஒன்றுகூட இல்லை. இதை நான் சொல்லவேண்டியதே இல்லை, தாராவியே சொல்லும்.

ராவுத்தர் முதலாளியைப் பற்றிச் சொல்லவேண்டும். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். அது அவருக்குக் குடை இல்லை, வாய். காலையில் வரிசையாகத் தொங்கும் தோல்களைக் குடைப் பிடியால் தட்டிக்கொண்டே வருவார். தோல் நன்றாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்ததற்குப் போய்விடுவார். கெட்டிருந்தால் நின்று, தோலின் வால் ஓரத்தைப் புரட்டிப் பார்ப்பார். அங்கேதான் ஒவ்வொருவனுடைய அடையாளமும் இருக்கும். சுரண்டி முடித்ததும் அவனவன் தன் அடையாளத்தை அங்கே வெட்டிவிட வேண்டும் என்பது கிடங்குச் சட்டம். என்னுடையது ஒரு கீறல், பக்கத்தில் இரண்டு துளை. பாராட்டுவதற்காக வைத்த அடையாளம் இல்லை அது. யாரைத் திட்டுவது என்று தெரிவதற்காக வைத்தது. பேசாமல் போனார் என்றால் பாராட்டு. அந்தப் பாராட்டை வருஷக்கணக்கில் தினமும் வாங்கியவன் நான்.

அறுபதுகளின் நடுவில், மழைக்காலம் ஓய்ந்துகொண்டிருந்த நேரம். மூக்கில் கைக்குட்டையோடு இரண்டு பேர் கிடங்கு வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் வெங்கட்ராமன் சார். நெற்றியில் விபூதி, கைக்குட்டை முழுக்க சென்ட் வாசனை. மற்றவர் பெரேரா, கோவாக்காரர், பாந்த்ராவில் வீடு. அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் செம்பு முரசு அடிப்பவர். இரண்டு பெரிய செம்புப் பாத்திரம், வாயில் தோல், சுற்றிலும் திருகுகள். திருகை முறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கையில் இரண்டு தோலையும் சாமான் அறையில் எலி கடித்துவிட்டதாம். கப்பலில் புதுத் தோல் வர இரண்டு மாதம் ஆகும்.

"முரசு இல்லேன்னா அந்த உருப்படியே வேண்டாம்னு எங்க கண்டக்டர் எடுத்துடுவார்," என்றார் வெங்கட்ராமன் சார். "பெரேராவுக்கு அதோட அந்த நாற்காலி போச்சு."

கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர் இல்லை. குச்சியை ஆட்டி எல்லாரையும் வாசிக்க வைக்கிற ஒரு பார்சிக் கிழவர். நாங்கள் அவரைக் குச்சிக்காரர் என்போம்.

ராவுத்தர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "நம்மகிட்ட செருப்புக்கும் பைக்கும்தான் தோலு. மேளத்துக்குக் கெடையாது," என்றார்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "மொதலாளி, நான் செய்யுதேன்."

"எலே, ஒனக்குக் கிறுக்கா? இங்கிலீசு மேளத்த நீ கண்ணால பாத்திருக்கியால?"

"மேளம் எந்த ஊர்தா இருந்தா என்ன மொதலாளி? தோலு நம்ம ஊருதான."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. நாலு பெரியமனுசன் முன்னால அது கிழிஞ்சுதுன்னு வையி, வால் ஓரத்துல ஒன் அடையாளந்தான் இருக்கும். அன்னையோட நீ ஊருக்கு ரயிலேறு. நின்னுட்டுதுன்னா, பின்கொட்டகைய நீயே நடத்து. ஒன் பேர்லயே."

இரண்டு பெரியமனிதர்களும் சாட்சி. அந்தப் பின்கொட்டகைமேல் எனக்கு மூன்று வருஷமாகக் கண்.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். மறைக்கமாட்டேன். பெரேரா கொடுத்த பழைய தோல் துண்டு தபால் அட்டை கனம்தான் இருந்தது. எலி என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. மெலிந்த தோல், அதனால் கிழிந்தது, வெட்கப்பட்டு எலிமேல் பழி போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் கனம்தான் கௌரவம். ஒரு வயது எருமைக் கன்றின் தோலாகப் பார்த்து எடுத்து, தேர் வடம் கட்டினாலும் தாங்குகிற மாதிரி கனமாக விட்டேன். அது குஷியான பாட்டு என்று பெரேரா சொல்லியிருந்தார். குஷி என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் அடிக்கிற உறுமியும் பறையும். வைக்கோலைக் கொளுத்தி வாட்டி, தோல் விண்ணென்று ஏறிய பிறகுதான் ஆட்டம் வரும். ஆகவே நானும் திருகைக் கடைசி வரை முறுக்கிவைத்தேன்.

பைகுல்லாவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகை. பெரேரா முதலில் திருகை எல்லாம் தளர்த்திச் சுருதிக்குக் கொண்டுவந்தார். அவ்வளவுதான், தோல் தொய்ந்த கட்டில் மாதிரி ஆகிவிட்டது. வேகப் பகுதி வந்ததும் ஒரு அடியின் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த அடி அதன் தலையில் விழுந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே கொழகொழ. குச்சிக்காரர் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நிறுத்தினார். குச்சியால் முரசைக் காட்டினார்.

பெரேரா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏ மைதீன், யே சம்டா ஹை யா தர்வாஜா?" என்றார். இது தோலா, கதவா என்று கேட்கிறார். அறுபது பேர் சிரித்தார்கள். கச்சேரிக்கு ஒன்பது நாள்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரயிலேறியிருப்பான் வேறொருவன். நான் வெளியே வந்து வெங்கட்ராமன் சாரை மடக்கினேன்.

"சார், எனக்கு அந்தப் பாட்டு என்னன்னு தெரியாது. தெரியாமலே தோல் செஞ்சுட்டேன். சொல்லித் தாங்க."

"இங்கே நின்னு எப்படிப்பா சொல்றது?"

"கிடங்குக்கு வாங்க. பிடிலோட வாங்க."

அடுத்த நாள் வந்தார். மாட்டுங்கா அய்யர், சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில், உப்பு மூட்டைமேல் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துகொண்டு பிடிலைத் தோளில் வைத்தார். கைக்குட்டையைப் பையில் போட்டுவிட்டார். இரண்டு கையும் வேண்டுமே. கத்திகள் எல்லாம் நின்றன. ராவுத்தர் முதலாளி குடையை விரிக்காமல் வெயிலிலேயே நின்றார்.

"பாரு, மேல இத்தாலி பாஷைல ஒரு வார்த்தை போட்டிருக்கும். வேகமா, குஷியான்னு அர்த்தம். சுருதி நம்ம ரெண்டு கட்டை. ஸ்வரமெல்லாம் ஏறக்குறைய நம்ம சங்கராபரணம்தான், கமகம் கிடையாது. உன் சின்ன முரசு ஸட்ஜம். பெரிசு கீழ்ப் பஞ்சமம். இந்த ரெண்டே ரெண்டுதான் முரசுக்கு."

"ரெண்டு கட்டைன்னா கொறச்சல்தான சார்? சந்தோசமான பாட்டுக்கு இன்னும் ஏத்தவேண்டாமா?"

"சந்தோஷத்துக்கு எதுக்குப்பா கத்தணும்? மாப்பிள்ளை வந்தாச்சுன்னு யாரோ சொன்னதும் கல்யாண வீட்டுல அத்தனை பேரும் வாசலுக்கு ஓடுவா பாரு, அந்த ஓட்டம் இது. ஓட்டத்துலதான் குஷி. சுருதி நின்ன இடத்துலயே நிக்கும்."

வாசித்துக் காட்டினார். நான் கேட்டது பாட்டை இல்லை, கணக்கை. குச்சிக்காரரின் ஒரு வீச்சுக்கு நாலு அடி. நான் மூச்சு இழுத்து விடுவதற்குள் எட்டு அடி போய்விடுகிறது. அந்த நிமிஷம் எனக்குப் பிடிபட்டது. வேகம் என்றால் அது தோலின் கனம். கனத்த தோல் குச்சியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, மெல்லிய தோல்தான் திருப்பி எறியும். சுருதி திருகில் இருக்கிறது, அது பெரேரா பாடு. குஷி என்பது ஈரத்தில் இருக்கிறது: ஈரம் கூடினால் தோல் அழும், காய்ந்தால் கத்தும், நடுவில் நின்றால் சிரிக்கும். பட்டணத்துச் சங்கீத வித்வான்கள் யாராவது இதை எழுதிவைத்திருக்கிறார்களா, கேட்டுப் பாருங்கள்.

செம்பூரில் ஒரு தபேலாவில், அதாவது எருமைத் தொழுவத்தில், செத்துப்போன மூன்று மாத ஆண் கன்றுகளின் தோல் ஏற்கெனவே எங்கள் சுண்ணாம்பில் ஊறிக்கொண்டிருந்தது. ஆறு தோலில் இரண்டைத் தேர்ந்தேன். முதுகெலும்புக் கோடு நட்டநடுவில் ஓடவேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே குணமாக இருக்கும். மயிர் எடுத்து, சதை எடுத்து, ஆறு தடவை தண்ணீர் மாற்றிச் சுண்ணாம்பு போகக் கழுவினேன். மரச்சட்டத்தில் கயிறு போட்டு இழுத்துக் கட்டிப் பிறைக்கத்தியால் சீவினேன். அளவுகோல் கிடையாது. சட்டத்துக்குப் பின்னால் பல்பு எரியவிட்டு நிறம் பார்த்தேன். எங்கே மஞ்சள் கூடியிருக்கிறதோ அங்கே கனம். அங்கே இரண்டு இழுப்பு. மழை ஈரத்தில் காயவில்லை. நெருப்புக் காட்டலாம் என்று கை துடித்தது. காட்டவில்லை. பக்கத்து சலூன்காரரின் டேபிள் பேனை வாங்கிவந்து மூன்று நாள் ஓடவிட்டேன். மூன்று நாளும் அவர் கடையில் முடிவெட்ட வந்தவர்கள் என்னைத் திட்டினார்கள்.

கடைசிச் சோதனைக்குப் புளியங்கொட்டை. காய்ந்த தோலின்மேல் ஒரு முழ உயரத்திலிருந்து போட்டேன். கனத்த தோலில் அது இரண்டு தடவை துள்ளிப் படுத்துவிடும். இதில் துள்ளித் துள்ளி விளிம்பு தாண்டி வெளியே ஓடியது. வெங்கட்ராமன் சார் வாய்விட்டுச் சிரித்தார். "ஓடறது பாருய்யா மாப்பிள்ளை பார்க்க!" பிறகு வால் ஓரத்தில் என் கீறலும் இரண்டு துளையும். தோலை நனைத்து மர வளையத்தில் சுற்றிக் கரண்டிக் காம்பால் ஓரத்தைச் செருகியபோது அந்த அடையாளம் உள்ளே மடிந்து மறைந்துவிட்டது.

ஒத்திகையில் குச்சிக்காரர் நிறுத்தவே இல்லை. அதுவே போதும் என்று இருந்தேன். பெரேராதான், "கச்சேரிக்கு நீ என் பின்னால் இருக்கணும். இல்லேன்னா நான் அடிக்கமாட்டேன்," என்று இந்தியில் அடம்பிடித்தார்.

கோட்டைப் பக்கம் ஒரு பெரிய அரங்கம். மாலை ஆறரை மணி. வெளுத்த சட்டை வேட்டியோடு மேடையின் பக்கப் படுதா ஓரத்தில் ஒரு கூஜாத் தண்ணீரோடு நின்றேன். தோல்காரன் தண்ணீர் இல்லாமல் எங்கும் போகமாட்டான். உள்ளே நுழைந்ததுமே என் உதடு காய்ந்தது. ஏ.சி. பைகுல்லா பள்ளிக்கூடத்தில் அது இல்லையே! என் உதடு காய்ந்தால் என் தோல் என்ன ஆகும்?

முதல் பகுதி பாதியில் சுருதி ஏற ஆரம்பித்தது. பெரேரா ஒரு திருகைத் தளர்த்தினார், இன்னொன்றைத் தளர்த்தினார். அந்தப் பகுதி முடிந்தபோது எல்லாத் திருகும் கடைசி மரையில் நின்றன. இனித் தளர்த்தினால் கழன்று விழும். தோலோ இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. பெரேரா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் இரத்தமே இல்லை.

அடுத்தது மெதுவான பகுதி. அதில் முரசுக்கு வேலை இல்லை. எனக்கு இருந்தது.

தோளில் கிடந்த துண்டை இரண்டாகக் கிழித்தேன். கூஜாவில் நனைத்துப் பிழிந்தேன். எவ்வளவு பிழிவது என்பதில்தான் இருபத்தெட்டு வயது மைதீனின் உயிர் இருந்தது. ஒரு சொட்டுக் கூடினால் தோல் பைபோலத் தொங்கிவிடும். தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை சில்லென்று இருக்கவேண்டும். சுரண்டுவதற்கு முன் தோலை மூடிவைக்கிற சாக்கை நாங்கள் பிழிகிற பதம் அது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை வேட்டியோடு மேடையில் குப்புறப் படுத்து ஊர்ந்தேன். ஊதுகுழல்காரர் ஒருவர் என்னைக் காலால் தள்ளப் பார்த்தார். நான் அவர் காலைத் தள்ளிவிட்டுப் போனேன். செம்புப் பாத்திரத்தின் அடியில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாக ஈரத் துணியை உள்ளே திணித்தேன். ஒன்று. இன்னொன்று.

பிறகு காத்திருந்தேன். மேலே பிடில்கள் தாலாட்டுகிற மாதிரி இழைந்துகொண்டிருந்தன. பெரேரா குனிந்து தோலில் காதை வைத்து விரலால் சுண்டினார். தலையை ஆட்டினார்: இல்லை. கொஞ்சம் கழித்து மறுபடி சுண்டினார். இல்லை. மூன்றாவது முறை சுண்டிவிட்டு அப்படியே காதை எடுக்காமல் இருந்தார். பிறகு கீழே என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடினார். இரண்டு கட்டை!

திரும்பிப் போக வழியில்லை. மேடையின் மரப்பலகையில் படுத்தபடியே கடைசிப் பகுதியைக் கேட்டேன். குச்சி இறங்கியது; அத்தனை பேரும் வாசலுக்கு ஓடினார்கள். பிடில்கள் முன்னால், குழல்கள் பின்னால், எல்லாரையும் விரட்டிக்கொண்டு என் தோல். ஒரு வீச்சுக்கு நாலு அடி, ஒவ்வொன்றும் தனித்தனியாக, புளியங்கொட்டை துள்ளுகிற மாதிரி. ஸட்ஜம், பஞ்சமம், ஸட்ஜம், பஞ்சமம். என் நெஞ்சுக்கூடும் அதே சுருதியில் அதிர்ந்தது. கடைசியில் முரசு மட்டும் இடைவிடாமல் உருண்டு ஏறி ஏறி, எல்லாரும் சேர்ந்து ஒரே அடி. நின்றது.

இடி இறங்கிய மாதிரி கைதட்டல். குச்சிக்காரர் பெரேராவைத் தனியாக எழுந்து நிற்கச் சொன்னார். பெரேரா எழுந்து நின்று, கையிலிருந்த குச்சியால் கீழே தரையைக் காட்டினார். முன்வரிசைச் சீமான்கள் எதைக் காட்டுகிறார் என்று எட்டிப் பார்த்தார்கள். பாத்திரம் மறைத்துக்கொண்டது. அந்தக் கைதட்டலில் என் பங்கை நான் படுத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

மறுநாள் காலை ராவுத்தர் முதலாளி வழக்கம்போல் வந்தார். தொங்கும் தோல்களைக் குடைப் பிடியால் தட்டிக்கொண்டே என் கட்டை வரை வந்து, என்னைத் தாண்டி, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். நான் கத்தியை எடுக்கக் கை நீட்டினேன். கத்திப் பிடியில் பின்கொட்டகைச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கொட்டகையிலிருந்துதான் மற்ற இரண்டும் வந்தன. வீடு வந்தது, கடை வந்தது. பெரேரா பதினோரு வருஷம் அந்தத் தோலிலேயே அடித்தார். வெங்கட்ராமன் சார் கடைசி வரை தீபாவளிக்குத் தன் கையாலேயே பட்சணம் கொண்டுவந்து என் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார். இருவரும் இன்று இல்லை. ஆகையால் நானேதான் பேசவேண்டியிருக்கிறது.

அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் இப்போதைய பெரியவர்களுக்கு இதன் மூலம் சொல்லிக்கொள்கிறேன். ஜானகி அம்மா இதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிடுவார். "உள்ளூர்த் தோல்" என்று மாற்றிப் போட்டால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். உள்ளூர் என்று ஒரு ஆள் கிடையாது. "தோல் செய்தவர் காஜா மைதீன், தாராவி" என்று, பெரேரா பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில், அந்தக் கண்ணாடிப் பெட்டியின்மேல் எழுதவேண்டும். நான் கண்ணால் பார்க்கிற மாதிரி சீக்கிரமாக எழுதவேண்டும்.

கிழவன் பிதற்றுகிறான் என்று தோன்றினால் பெட்டியைத் திறங்கள். சின்ன முரசின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வளையத்தைத் தூக்குங்கள். உள்ளே மடிந்திருக்கும் வால் ஓரத்தை நனைத்து மெதுவாகப் பிரியுங்கள். காய்ந்தபடியே இழுத்தால் கிழிந்துவிடும், ஜாக்கிரதை. ஒரு கீறல் இருக்கும், பக்கத்தில் இரண்டு துளை. தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக வைத்த அடையாளம் அது. தப்பு நடக்கவில்லை. இப்போதாவது என்னைப் பிடியுங்கள்.